உடன் நிற்பவர் யார்? லூமுட் வட்டார மருத்துவமனையும் நம் பங்கும்

திருக்குறளின் தொண்ணூற்று ஐந்தாம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துச் சொல்கிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, நோயாளியின் அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர் ஒருவர். இந்த நான்காமவரை இக்காலத்துச் செவிலியர் என்று பலரும் விளக்குவர். அது பொருத்தமான விளக்கமே. ஆனால், செவிலியரின் பணி பெரும்பாலும் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு இப்பால், மருந்துப் பையையும் அடுத்த தவணைச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் ஒரு முதியவரின் அருகில் யார் நிற்கிறார்? இக்கட்டுரை எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான்.

ஒரு மருத்துவமனை தன்னைச் சுற்றியுள்ள மக்களை நலமாக வைத்திருக்கிறதா? கட்டில்களின் எண்ணிக்கையையும் இயந்திரங்களின் விலையையும் காட்டி இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. நோய் முற்றியபின் வருபவரைக் காப்பாற்றுவது மருத்துவமனையின் திறமை. நோய் முற்றாமல் இருப்பது ஊரும் மருத்துவமனையும் சேர்ந்து செய்யும் வேலை. அந்தச் சேர்க்கையில் ஒரு கண்ணி விடுபட்டுக் கிடக்கிறது என்பது என் கருத்து. அதை நிரப்பும் தகுதி தமிழ் படித்த, தேசிய மொழியும் ஆங்கிலமும் அறிந்த பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு உண்டு.

கடலும் தோட்டமும் சேர்ந்த வட்டாரம்

லூமுட் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பங்கோர் தீவுக்குப் படகேறும் துறை. அடுத்து அரச மலேசியக் கடற்படையின் தளம். வரலாறு படித்தவர்களுக்கு 1874-ஆம் ஆண்டு பங்கோர் ஒப்பந்தம் நினைவுக்கு வரலாம். அந்த ஒப்பந்தத்தின் வழி டிண்டிங்ஸ் என்ற பெயரில் பிரிட்டிஷாரின் கைக்குப் போன இப்பகுதி, 1935-இல்தான் பேராக்கிடம் திரும்பியது. இன்று இது மஞ்சோங் மாவட்டம். 1903-இல் சீனாவிலிருந்து வந்து குடியேறிய பூச்சாவ் மக்களின் சித்தியவான், பங்கோரின் நெத்திலிக் கருவாடு, ஜானாமஞ்சோங் மின் நிலையம், உள்ளே போகப் போக ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்கள் எல்லாம் இந்த ஒரு மாவட்டத்துக்குள் அடக்கம். நம்மவர்கள் தோட்டங்களிலிருந்து தாமான்களுக்கும் கம்பங்களுக்கும் பெயர்ந்து, மாவட்டம் முழுவதும் சிதறி வாழ்கிறார்கள். பங்கோரில் பத்ரகாளியம்மன் ஆலயமும் மாசி மகமும் இன்றும் சிறப்பாக விளங்குகின்றன.

லூமுட்டில் இராணுவ மருத்துவமனை ஒன்று உண்டு. அது முதன்மையாகக் கடற்படையினருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உரியது. 2024 ஏப்ரல் 23-ஆம் நாள், கடற்படையின் ஆண்டு விழா ஒத்திகையின்போது இரு ஹெலிகாப்டர்கள் மோதிப் பத்துப் பேர் உயிர் நீத்தனர். அவர்களது உடல்கள் அடையாளம் காண்பதற்காக அந்த மருத்துவமனைக்குத்தான் கொண்டு செல்லப்பட்டன. மருத்துவமனை என்பது ஊர் தன் துக்கத்தைச் சுமந்து செல்லும் இடமும் ஆகும் என்பதை அந்நாள் நமக்குக் காட்டியது.

பொதுமக்களுக்கு லூமுட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீ மஞ்சோங் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. மாவட்டத்துக்கே அதுதான் பெரியாஸ்பத்திரி. அங்கே மருத்துவ ஆய்வு மையமும் இயங்குகிறது. அதைத் தாண்டினால் ஈப்போதான். லூமுட்டிலிருந்து அது எண்பது கிலோமீட்டருக்கும் மேல். பங்கோர்வாசி தம் தீவின் கிளினிக்கில் தீராத நோய்க்குக் கடல் கடந்து வர வேண்டும். தோட்டத்து மூதாட்டி மகனோ பேரனோ வேலைக்கு விடுப்பு எடுக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். குடிமக்களுக்கு அரசாங்க வெளிநோயாளர் கட்டணம் நெடுங்காலமாக ஒரு ரிங்கிட்தான். உலகில் பல நாட்டவர் பொறாமைப்படக்கூடிய கட்டணம் இது. ஆனால், அந்த ஒரு ரிங்கிட்டைக் கட்டப் போய்ச் சேர்வதற்கு ஆகும் வாடகைக் காரின் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

லயத்துக்கு வந்த மருத்துவம்

நம் முன்னோர் காலத்தில் மருத்துவம் எப்படி இருந்தது என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. ரப்பர் தோட்டங்கள் பெருகிய தொடக்க ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் தமிழர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டு போனது. 1911-ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்று ஒரு தமிழ்ப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் கொடுமை விளங்கும்.

அந்தக் காலத்தில் கிள்ளானில் மாவட்ட மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். அவருடைய மருத்துவமனை மலேரியா நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897-இல் ரொனால்ட் ரோஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் மேலும் கட்டில்கள் கேட்டு எழுதியதோடு நின்றுவிடவில்லை. மருத்துவமனையை விட்டு வெளியே நடந்தார். சதுப்பு நிலத்தின் நீரை வடிக்கவும் புதரை வெட்டவும் ஏற்பாடு செய்தார். 1901-இல் கிள்ளானிலும் புதிதாகத் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமிலும் தொடங்கிய அந்த வேலையால் மறு ஆண்டே காய்ச்சல்காரர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பின்னர் இம்முறை தோட்டங்களுக்கும் பரவியது. மருத்துவமனை ஊரைக் காப்பாற்றிய கதைகளில் நம் நாட்டின் முதன்மையான கதை இது. அதில் மருந்துப் புட்டியை விட மண்வெட்டிக்கே பெரிய பங்கு உண்டு. அந்த மண்வெட்டியைப் பிடித்த கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன.

பிறகு சட்டங்கள் வந்தன. தோட்ட முதலாளிகள் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தர வேண்டியதாயிற்று. பெரிய தோட்டத்தில் தனி ஆஸ்பத்திரி, சிறிய தோட்டங்கள் சேர்ந்து ஒரு கூட்டு ஆஸ்பத்திரி, அதில் ஒரு டிரசர் என்று ஓர் அமைப்பு உருவானது. அதைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. அந்த ஆஸ்பத்திரி தொழிலாளியை மறுநாள் காலைப் பெரட்டுக்கு அனுப்புவதற்காகவே கட்டப்பட்டது. யாருக்கு உண்மையாகவே நோய், யார் வேலைக்குப் போகலாம் என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் டிரசரிடம் இருந்தது. எல்லா வியாதிக்கும் ஒரே நிறத்துத் தண்ணீர் மருந்துதான் என்று தாத்தா பாட்டிமார் இன்றும் கேலி பேசுவதுண்டு.

ஆயினும், அந்த அரைகுறை அமைப்பில் இரண்டு நன்மைகள் இருந்தன. ஒன்று, அது லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. மற்றொன்று, அது தமிழ் பேசியது. டிரசர் பெரும்பாலும் தமிழராகவோ மலையாளியாகவோ இருந்தார். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு இழுப்பு, எந்தப் பெண்ணுக்கு இது எத்தனையாவது மாதம், யார் கள்ளுக்கடையே கதியென்று கிடக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்குச் சிரங்கு கண்டால் அன்று மாலைக்குள் செய்தி அவருக்குப் போய்விடும்.

நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்கம் கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கம்பத்துக்குக் கம்பம் தாய்சேய் கிளினிக்குகள் எழுந்தன. பிற்பாடு நாலாயிரம் பேருக்கு ஒரு கிராம கிளினிக், இருபதாயிரம் பேருக்கு ஒரு சுகாதார கிளினிக் என்று அது விரிந்தது. உலகம் பாராட்டிய திட்டம் அது. ஆனால், தோட்டம் தனியார் நிலம். தோட்டத்து மக்களின் நலம் முதலாளியின் பொறுப்பு என்று விடப்பட்டதால், அந்தத் திட்டம் பெரும்பாலும் தோட்ட எல்லையோடு நின்றது. தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990-இல் வந்து முதலாளியின் மருத்துவக் கடமையை மீண்டும் வலியுறுத்தியது. அதற்குள் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்துகொண்டிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் வெளியேறினர். தோட்டத்து ஆஸ்பத்திரி மூடப்பட்டது. டிரசர் ஓய்வு பெற்றார்.

இந்த மாற்றத்தால் நமக்குக் கிடைத்தது அதிகம் என்பதை மறுக்கக் கூடாது. முன்பு கிடைக்காத நிபுணர், ஸ்கேன், அறுவைச் சிகிச்சை எல்லாம் இன்று ஸ்ரீ மஞ்சோங்கிலோ ஈப்போவிலோ கிடைக்கின்றன. ஆனால், வாசல் வரை வந்த மருத்துவம் பட்டணத்துக்குப் போய்விட்டது. நம் பேச்சைப் புரிந்துகொண்ட மருத்துவம் நம்மைத் தெரியாத மருத்துவமாகிவிட்டது. மேலான ஒன்று வந்தபோது, கீழான ஒன்றில் இருந்த நெருக்கம் தொலைந்துபோனது. அந்த நெருக்கத்தை யார் மீட்டுத் தருவது?

வலிக்குப் பல பெயர்

தமிழில் வலிக்கு எத்தனை பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். குத்துகிறது, குடைகிறது, இழுத்துப் பிடிக்கிறது, கடுக்கிறது, எரிகிறது, மரத்துப்போகிறது, மதமதவென்று இருக்கிறது. நெஞ்சு கரிப்பது வேறு, நெஞ்சை அடைப்பது வேறு, நெஞ்சு படபடப்பது வேறு. தலை சுற்றல் வேறு, தலைபாரம் வேறு. ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒவ்வொரு துப்பு. மலாய் மொழியிலும் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மரத்துப்போவதற்குக் ‘கெபாஸ்’, எரிச்சலுக்குப் ‘பெடிஹ்’, தலைசுற்றலுக்குப் ‘பெனிங்’. ஆனால், அங்காடி மலாயில் வாழ்நாளை ஓட்டிய நம் பாட்டிக்குத் தெரிந்தது ஒரே சொல். அது ‘சாக்கிட்’. எல்லா வலியும் அந்த ஒரு சொல்லுக்குள் போய் அடங்கிவிடுகிறது.

உள்ளங்கால் எரிந்து, பிறகு மரத்துப்போய், செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரியாத நிலையில் ஒருவர் ‘காக்கி சாக்கிட்’ என்று மட்டும் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். அவசரத்தில் இருக்கும் மருத்துவர் அதை மூட்டு வலி என்று எண்ணினால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா? உண்மையில் அது நீரிழிவால் கால் நரம்பு கெட்டதன் அடையாளம். உணர்ச்சி இல்லாத காலில் சிறு கல் குத்தினாலும் தெரியாது. புண் ஆழமாகும், சீழ் பிடிக்கும், கடைசியில் விரலையோ காலையோ எடுக்க நேரும். ‘எரியுது’ என்ற சொல் காலத்தில் போய்ச் சேர்ந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம்.

இது நம் சமூகத்துக்கு எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை எண்களும் சொல்கின்றன. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது நம் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு ஏறத்தாழ இனிப்பு நீர். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடு என்று பதிவானது. நீரிழிவு உள்ள ஐவரில் இருவருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது என்றும் அந்த ஆய்வு சொன்னது. 18 முதல் 29 வயதுக்குட்பட்ட நீரிழிவு நோயாளிகளில் 84 விழுக்காட்டினர் தம் நோயை அறியாதவர்கள். அந்த வயது நம் வயது என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். இரத்தச் சுத்திகரிப்புக்குப் புதிதாகச் சேரும் சிறுநீரக நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகத்தை இழந்தவர்கள்.

மருத்துவமனைகளில் தமிழ் பேசும் மருத்துவர்களும் மிஸிகளும் நிறைய இருக்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி அது. ஆனால், நம் பாட்டி போகும் நாளில், அவர் எண் அழைக்கப்படும் அறையில், அவர்களில் ஒருவர் இருப்பார் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மருத்துவர்கள் மாற்றலாகிக்கொண்டே இருப்பவர்கள். ஒரு சமூகத்தின் நலத்தை அதிர்ஷ்டத்தின் கையில் ஒப்படைப்பது முறையா? சித்தியவானின் பூச்சாவ் பேசும் முதியவருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. ஆகவே, இது தமிழருக்கு மட்டும் உரிய மனக்குறையன்று.

மொழி தெரிந்தவரிடம் ஊர் மனம் திறக்கும்

மொழி மருத்துவத்துக்கு என்ன செய்யும் என்பதற்குப் பேராக் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. ஜப்பானியர் படையெடுத்தபோது ஈப்போவிலிருந்து பாப்பான் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, 74-ஆம் எண் கடைவீட்டில் கிளினிக் நடத்தியவர் சிபில் கார்த்திகேசு. அவர் தேர்ந்த தாதியும் மருத்துவச்சியும் ஆவார். அவர் கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசு யாழ்ப்பாணத் தமிழ் வழியினர். சிபில் கண்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசினார். ஈயச் சுரங்கத்து ஏழைகள் அவரிடம் மனம் திறந்து பேசியதற்கும், காட்டிலிருந்து இரவில் வந்த காயம்பட்ட போராளிகள் அவரை நம்பியதற்கும் அந்த மொழி துணை நின்றது. அதற்காக அவர் சிறைப்பட்டுச் சித்திரவதை அனுபவித்தார். போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர் 1948-இல் மறைந்தார். ஒரு சின்னக் கடைவீட்டுக் கிளினிக் ஓர் ஊரின் தைரியமாக மாறிய வரலாறு அது.

தமிழ்நாட்டிலும் நாம் கற்றுக்கொள்ளத்தக்க ஓர் இடம் உண்டு. தர்மபுரி மாவட்டத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் சித்தேரி, கல்வராயன் மலைத்தொடர்களை ஒட்டிய சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு அது. மருத்துவர்களான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993-இல் அங்கே ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினர். அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன. மருத்துவர்கள் இருவரால் மட்டும் அதை மாற்றியிருக்க முடியாது. பழங்குடிப் பெண்களையே தேர்ந்தெடுத்துச் செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். அவர்கள் தங்கள் ஊருக்குத் தங்கள் பேச்சிலேயே சுத்தத்தையும் சத்துணவையும் எடுத்துச் சொன்னார்கள். குழந்தை இறப்பு பின்னாளில் ஆயிரத்துக்கு இருபதை ஒட்டி இறங்கியது. அதோடு நிற்காமல் இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழில் என்று வருமானத்துக்கும் வழி பிறந்தது. வயிறு நிறையாத ஊரில் மருந்து மட்டும் வேலை செய்யாது என்பதை அந்த மருத்துவமனை உணர்ந்திருந்தது.

சிட்டிலிங்கி ஒரு தொண்டு நிறுவனம், ஸ்ரீ மஞ்சோங் அரசாங்க மருத்துவமனை. ஒன்றை அப்படியே மற்றொன்றாக்க முடியாது. ஆனால், மருத்துவமனையின் ஆற்றலை ஊருக்குள் எடுத்துச் செல்ல ஊர்க்காரரே வேண்டும் என்ற பாடம் எங்கும் பொருந்தும்.

மருத்துவமனைக்குள் இருக்கும் ஊர்

மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவமனை ஊரில் பலருக்கு வேலை தரும் இடமும் ஆகும். அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை முதலிய துணைச் சேவைகள் 1997-இல் தனியாரிடம் கொடுக்கப்பட்டன. தோட்டத்தை விட்டு வந்த நம் பெண்கள் பலருக்கு அந்தத் துடைப்பமே சோறு போட்டது. 2020 ஜூன் மாதம் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை எதிரே துப்புரவுத் தொழிலாளர்களின் உரிமைக்காக மறியலில் நின்ற தொழிற்சங்கத்தினர் ஐவர் கைதானதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். கோவிட் காலத்தில் தொற்று வார்டைத் துடைத்தவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தாம். வார்டைச் சுத்தமாக வைத்திருப்பவரின் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால், அந்த மருத்துவமனை ஊரை வாழவைக்கிறது என்று எப்படிச் சொல்வது?

இன்று தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். வெளிநாட்டவருக்கான மருத்துவக் கட்டணம் நமக்குரியதைப் போல் பல மடங்கு. பாஷை தெரியாமல், காய்ச்சலோடு, யாரிடம் சொல்வது என்று விளங்காமல் நிற்கும் அந்த இளைஞனின் இடத்தில் நூறாண்டுக்கு முன் நம் கொள்ளுத்தாத்தா நின்றார். நம் வரலாறு நமக்குக் கற்றுத் தந்தது ஏதாவது உண்டென்றால், அவனைக் கண்டு முகம் சுளிக்காமல் இருப்பது அதில் முதலாவதாக இருக்கட்டும்.

நாம் என்ன செய்யலாம்?

குறை சொல்வது எளிது. ஆகவே, செய்யக்கூடியவை என்று நான் நம்பும் சிலவற்றை முன்வைக்கிறேன். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஆள் பலமும் பொறுமையும் போதும்.

முதலாவது, ஒரு சிறு கையேடு. நோயாளி சொல்லும் தமிழ்ச் சொற்களையும் அவற்றுக்கு நேரான மலாய்ச் சொற்களையும் எதிரெதிரே அச்சிட்டு, உடற்படம் ஒன்றையும் சேர்த்து, சட்டைப் பையில் அடங்கும் அளவில் நம் தமிழ்மொழிக் கழகம் வெளியிடலாம். பேச்சுத் தமிழிலேயே அது இருக்க வேண்டும். ‘மதமதப்பு’ என்று சொல்லும் பாட்டியிடம் ‘உணர்விழப்பு’ என்று அச்சடித்துக் கொடுத்தால் பயனில்லை. மருத்துவம் பயிலும் நம் நண்பர்களும், மருத்துவர்களாகிவிட்ட முன்னாள் மாணவர்களும் அதைச் சரிபார்த்துத் தர வேண்டும். மேடையில் தமிழை வாழவைப்பதாகச் சூளுரைக்கும் நாம், ஒரு நோயாளியின் வாயில் தமிழ் பயன்பட உதவினால் அதைவிட மேலான மொழித் தொண்டு எது?

இரண்டாவது, துணையாள் பணி. அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் அனுமதியோடும் வழிகாட்டுதலோடும், தவணை விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர்கள் வாரத்தில் ஒரு காலை நேரம் மருத்துவமனையிலோ சுகாதார கிளினிக்கிலோ தொண்டர்களாக இருக்கலாம். எண் எடுத்துக் கொடுப்பது, சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று எழுதிக் கொடுப்பது ஆகியவைதாம் வேலை. ஆலோசனை சொல்வது நம் வேலையன்று. கேட்ட இரகசியத்தை வெளியே சொல்லாதிருப்பது நம் கடமை. நோயாளி தம் பேரப்பிள்ளைக்கு முன் சொல்லக் கூசும் செய்தியைக்கூடப் பயிற்சி பெற்ற ஒரு வெளியாளிடம் சொல்லக்கூடும்.

மூன்றாவது, இருக்கும் திட்டங்களை ஊருக்கு எடுத்துச் சொல்வது. 2019-இல் அரசாங்கம் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் குறைந்த வருமானம் பெறும் நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு இலவச உடற்பரிசோதனையை வழங்கியது. மருத்துவக் கருவிகளுக்கு உதவி, புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்போருக்கு ஊக்கத்தொகை, போக்குவரத்துச் செலவுக்கு உதவி ஆகியவையும் அதில் அடங்கும். வாடகைக் காருக்குக் காசில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விடும் ஒருவருக்கு இச்செய்தி உயிர்ச் செய்தி. அதைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக்கி ஆலயத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் கொடுத்தால் போதும். பங்கோர் மாசி மகத்துக்குக் கூடும் கூட்டத்தில் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மேசை ஒன்றைச் சுகாதார அலுவலகத்தின் துணையோடு போடலாம். இரத்ததான முகாமும் நடத்தலாம். நம் ஊர் மருத்துவமனை கேட்டு நாம் கொடுக்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான்.

நான்காவது, நாற்காலி. அரசாங்க மருத்துவமனைகளுக்கு வருகையாளர் வாரியமும், சுகாதார கிளினிக்குகளுக்கு ஆலோசனைக் குழுவும் இருக்கின்றன. பொதுமக்களின் குரல் மருத்துவமனைக்குள் போவதற்கான கதவுகள் அவை. 2013-இல் தொடங்கிய கோஸ்பென் போன்ற சமூகச் சுகாதாரத் தொண்டர் திட்டங்களும் அத்தகையவையே. டிங்கிக் காய்ச்சலால் 2023-இல் மட்டும் நாட்டில் நூறு பேர் இறந்தனர், ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அதைத் தடுக்கக் குடியிருப்புவாசிகளே கூடிச் செய்யும் துப்புரவுப் பணிகளிலும் நமக்கு இடம் உண்டு. ஆலய நிர்வாகத்துக்கும் சங்கத் தேர்தலுக்கும் போட்டி போடும் நம்மவர்கள், இந்த நாற்காலிகளைப் பற்றி விசாரித்திருக்கிறோமா? பட்டதாரிகளான முன்னாள் மாணவர்கள் இதில் முன்நிற்க வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலையல்லவா, நாம் ஏன் செய்ய வேண்டும் என்று ஒரு வாதம் எழலாம். அரசாங்கத்தின் வேலைதான். முறையான மொழிபெயர்ப்பாளரை நியமிக்கும்படியும், தொலைதூரத் தோட்டங்களுக்கு நடமாடும் கிளினிக்கை ஒழுங்காக அனுப்பும்படியும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொண்டர் வந்துவிட்டார் என்பதற்காக அரசாங்கம் தன் பொறுப்பைக் கைகழுவ இடம் கொடுக்கக் கூடாது. ஆனால், கோரிக்கை மனு பதில் பெறும் வரை பாட்டியின் கால் காத்திருக்காது. கேட்பதும் செய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. களத்தில் நின்றவர் கேட்கும் கோரிக்கைக்குத்தான் வலுவும் அதிகம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊருக்கு உழைக்கும் முன் உங்கள் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவெல்லாம் விழித்து, தே தாரேக்கும் உடனடி மீயும் உண்டு தேர்வுக்குப் படிக்கும் நமக்கு இந்த அறிவுரை கசக்கலாம். மூவரில் ஒருவர் என்ற அந்தக் கணக்கில் நம் விடுதி அறைகளும் அடங்கும்.

தோட்டத்து டிரசர் இனி திரும்பி வரமாட்டார். வர வேண்டிய அவசியமும் இல்லை. மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, நோயாளி எப்போதும் இருக்கிறார். வள்ளுவர் சொன்ன நான்காமவரின் இடம் மட்டும் லூமுட்டிலும் ஆயர் தாவாரிலும் பங்கோரிலும் பாதி காலியாகக் கிடக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது, அண்டை வீட்டுப் பாட்டியின் தவணைச் சீட்டில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று கேளுங்கள். அன்று உங்களுக்கு வேறு வேலை இல்லையென்றால், அவரோடு போய்விட்டு வாருங்கள்.